புதுக் கரி ஸ்மோக்கரில் தீ மூட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்மோக்கர் என்பது மூடிய கலத்துக்குள் கரி நெருப்பின் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு. புது ஸ்மோக்கர் வந்து இறங்கியதும் கை பரபரக்கும், அன்றைக்கே கரியைக் கொட்டிப் பற்றவைத்துவிட வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். உள்ளே ஒருமுறை தீ எரிந்துவிட்டால் எது தொழிற்சாலையிலிருந்தே வந்த குறை, எது சூட்டில் ஆனது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கரி படிந்த உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினால், "இது நீங்கள் பயன்படுத்தியதில் வந்தது" என்று விற்றவர் சொல்லிவிடலாம். இன்னும் தீ படாத, சுத்தமான ஸ்மோக்கரில்தான் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இதுதான் அளவுகோல். கரி ஸ்மோக்கர் ஓடுவது காற்றில். சூடான காற்று மேலே ஏறி மூடியிலுள்ள துளை வழியே வெளியேறுகிறது, அந்த இழுப்பில் கீழ்த் துளைகள் வழியே புதுக் காற்று கரிக்கு வருகிறது. எவ்வளவு காற்றோ அவ்வளவு நெருப்பு. அதனால் கரியின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும் சின்ன ஓட்டை, மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய இடுக்கைவிட மோசமானது. மேலே இருக்கும் இடுக்கு கொஞ்சம் புகையை வெளியே விடும், அவ்வளவுதான். கீழே இருக்கும் ஓட்டையோ நீங்கள் துளைகளை மூடிய பிறகும் கரிக்குக் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சூடு உங்கள் கட்டுப்பாட்டில் நிற்காது. குறை கண்ணில் படும்போதெல்லாம் "இது தீக்கு மேலேயா, கீழேயா" என்று முதலில் கேளுங்கள்.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நல்ல டார்ச், அளவு டேப், ரசமட்டம், ஒரு பழைய பருத்தித் துணி, தடித்த கையுறை இவை இருந்தால் போதும். கையுறையை மறக்க வேண்டாம், புதுத் தகட்டின் விளிம்பில் பிசிறு இருந்தால் விரலைக் கிழித்துவிடும்.

பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். திறப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூலை நசுங்கியிருக்கிறதோ, உள்ளே அதே இடத்தில் இருக்கும் பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழியில் அடிபட்டதும் தயாரிப்பில் வந்த குறையும் வேறு வேறு. முதலாவதை விற்றவரிடமோ கொண்டுவந்தவரிடமோ உடனே சொல்ல வேண்டியிருக்கும், இரண்டாவது தயாரித்தவரின் உத்தரவாதத்தில் வரும். பெட்டியும் தெர்மோகோலும் சோதனை முழுவதும் முடியும்வரை இருக்கட்டும். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவை தேவைப்படும், தவிர சின்ன சின்ன போல்ட் பொட்டலங்கள் தெர்மோகோலின் பள்ளத்தில் ஒட்டியபடியே குப்பைக்குப் போவதும் உண்டு.

பாகங்களும் மரைகளும்

கையேட்டில் உள்ள படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பாகத்தையும் எண்ணிப் பிரித்து வையுங்கள். போல்ட்டுகளை ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலால் அதனதன் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நான்கைந்து சுற்றாவது விரலிலேயே இறங்க வேண்டும். தகட்டோடு சேர்த்து வெல்டிங் செய்த நட்டுகளின் உள்ளே பெயின்டோ எனாமலோ வழிந்து மரை அடைத்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். அப்போது பலத்தைப் போட்டுத் திருகினால் மரை கெட்டுவிடும், அதற்குப் பிறகு அந்தக் குறை யாருடையது என்ற வாக்குவாதத்தில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். அடைப்பு மட்டும்தான் என்றால் போல்ட்டை முன்னும் பின்னுமாக அரைச் சுற்று அரைச் சுற்றாக ஓட்டினாலே தூள் உதிர்ந்து வழி விடும். கோணலாக ஏறினால் நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்.

பூட்டும்போது எந்த போல்ட்டையும் முதலிலேயே இறுக்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும் தளர்வாகப் பூட்டி, துளைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். தளர்வாக இருக்கும்போதே ஒரு துளை பாதி மறைந்து நிற்கிறது என்றால் அது துளையிட்டதில் வந்த தவறு.

வடிவம்

உருளை வடிவ ஸ்மோக்கர்களில் அதிகத் தொல்லை தரும் குறை இதுதான், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நடு உடம்பு சரியான வட்டமாக இல்லாமல் லேசாக முட்டை வடிவத்தில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூடி ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் இடைவெளி விடும், உள்ளே தாங்கிகளில் உட்கார வேண்டிய கம்பித்தட்டு ஒரு முனையில் நழுவும், பக்கக் கதவு பொருந்தாது. ஒரே கோணல், மூன்று தொல்லை.

டேப்பை வாயின் குறுக்கே வைத்து விட்டத்தை அளந்துகொள்ளுங்கள், அதற்குச் செங்குத்தாக இன்னொன்று, அப்புறம் மூலைவாட்டில் இரண்டு. மேல் வாய், கீழ் வாய் இரண்டிலும் இப்படிச் செய்ய வேண்டும். அளவுகள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் நான் கவலைப்படமாட்டேன். ஐந்து ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், மெல்லிய தகடாக இருக்கும் பட்சத்தில், நீளமான பக்கத்தை இரு கைகளாலும் அணைத்தாற்போல் பிடித்து மெதுவாக அழுத்தி, விட்டுவிட்டு அளந்து, மறுபடி அழுத்தி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்ய முடியும். அதற்கு மேல் போனால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கூர்மையாக மடிந்த ஒடுக்கு இருக்கும் இடத்தை மட்டும் கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அந்த இடத்தில் எனாமல் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

மூடியும் உடம்பும் பொருந்தவில்லை, தவறு எதில் என்று தெரியவில்லை என்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. மூடியை வைத்து இடைவெளி தெரியும் இடத்தில் உடம்பிலும் மூடியிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மூடியைக் கால் சுற்று திருப்புங்கள். இடைவெளி மூடியிலுள்ள கோட்டோடு நகர்ந்து போனால் மூடி கோணல். உடம்பிலுள்ள கோட்டிலேயே நின்றால் உடம்பு கோணல். எதை மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்பது இதில் தெளிவாகிவிடும், முழு ஸ்மோக்கரையும் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது.

கால்களுக்கும் இதே வழிதான். ஆடுகிறதா? அப்படியே கால் சுற்று திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கால் தரையைத் தொடாமல் நின்றால் கால் நீளத்தில் தவறு, இல்லையென்றால் தரை சமமாக இல்லை. கம்பித்தட்டின் மேல் ரசமட்டம் வைத்தும் பாருங்கள். தண்ணீர்ச் சட்டி உள்ள வகையில் சாய்வு இருந்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி வழியும்.

எனாமலும் பெயின்டும்

எனாமல் என்பது பெயின்ட் வகை அல்ல. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் பூசி ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் சுட்டு உருக்கி ஒட்டவைத்தது அது. அதனால் துருப்பிடிக்காது, உரியாது, ஆனால் அடிபட்டால் சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் கீழே இருக்கும் இரும்பு வெளியே தெரியும், ஈரம் பட்டதும் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து ஒளியை மேற்பரப்பின் மீது ஓடவிட்டுப் பாருங்கள். மேடு பள்ளம், கொப்புளம், ஊசித்துளை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். ஆரஞ்சுப் பழத் தோல் போல லேசான சொரசொரப்பு இருந்தால் அது அழகுக் குறை மட்டுமே, விட்டுவிடலாம். விளிம்பிலோ துளை ஓரத்திலோ பொட்டளவில் எனாமல் ஏறாத இடம் தெரிந்தாலும் பதற வேண்டாம். சூளையில் சுடும்போது பாகத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவார்கள், கொக்கி தொட்ட இடத்தில் பூச்சு படாது. ஆனால் கரிச் சட்டியின் உள்ளடியில் பெயர்ந்திருந்தால் விடாதீர்கள். சாம்பல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அந்த இடம் விரைவில் அரித்துவிடும்.

எனாமலில் இன்னொரு குறை இருக்கிறது, அது பெட்டியைத் திறந்த அன்று தெரியாமலும் போகலாம். பிறை வடிவத்தில், மீன் செதில் அளவில், யாரும் தொடாமலேயே சில்லுகள் தெறித்து விழும். தகட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஹைட்ரஜன் வாயு வெளியே வர வழி தேடி அழுத்துவதால் வருவது இது, சுட்டு முடித்து நாட்கள் கழிந்தும் வரலாம். ஒரு அடியும் படாத இடத்தில் இப்படிச் சில்லுகள் பெயர்ந்திருந்தால் அது தயாரிப்புக் குறைதான்.

பெயின்ட் அடித்த ஸ்மோக்கர் என்றால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சூடு தாங்கும் பெயின்ட் முதல் தீயில்தான் முழுதாக இறுகும், அதுவரை நகத்தால் கீறினாலே கோடு விழலாம். கரி எரியும் நெருப்புப் பெட்டியின் வெளிப்புறத்தில் நாளடைவில் பெயின்ட் வெளுத்து உரிவது சாதாரணம். தீயே மூட்டாத நிலையில் பெயின்டுக்கு அடியிலிருந்து துரு பழுப்பாகக் கசிந்து வருகிறதென்றால், துருவைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். அது குறைதான்.

காற்றுத் துளைகளும் டார்ச் சோதனையும்

எல்லாவற்றையும் விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ஒவ்வொரு துளை மூடியையும் முழுக்கத் திறந்து, முழுக்க மூடி, நடுவில் எங்காவது நிறுத்தி விடுங்கள். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும், தானாகச் சரியக் கூடாது, ரிவிட் லொடலொடவென்று ஆடக் கூடாது. முழுக்க மூடிய நிலையில் உட்புறத்திலிருந்து பாருங்கள். துளையும் மூடித் தகடும் நேர் பொருந்தாமல் ஒரு பக்கம் நிலாப் பிறை போல் ஒளி தெரிகிறதா? மேல் துளையில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கீழ்த் துளையில் என்றால் நெருப்பை அணைக்க முடியாத ஸ்மோக்கர் அது. தகடு வளைந்து, உடம்போடு ஒட்டாமல் தூக்கி நின்றாலும் அதே பிரச்சினைதான்.

அப்புறம் டார்ச் சோதனை. இரவிலோ, விளக்கை அணைத்த அறையிலோ செய்யுங்கள் (தீ இல்லாத சோதனை என்பதால் வீட்டுக்குள் செய்யலாம்). நல்ல வெளிச்சம் தரும் டார்ச்சை உள்ளே நிறுத்தி வைத்து, மூடி, கதவு, துளைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சுற்றி வாருங்கள். முதலில் கரி மட்டத்தில், அதாவது தரையோடு குனிந்து பாருங்கள். கால் போல்ட் போகும் துளை, கரிச் சட்டியும் நடு உடம்பும் சேரும் வளையம், கீழ்த் துளைகள் ஆகியவற்றில் ஒளிக்கோடு தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவு. மெல்லிய தகட்டுக் கதவுகளில் ஓரத்தில் கொஞ்சம் ஒளி தெரியாத ஸ்மோக்கர் அரிது, கதவின் வளைவை உடம்பின் வளைவுக்கு ஏற்பக் கையால் மெதுவாக மடக்கினால் பெரும்பாலும் சரியாகும். புகைப் பிசினும் கொழுப்பும் படியப் படிய முடி அளவு இடுக்குகள் தாமாகவே அடைபடும், அதனால் மெல்லிய கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு நாணயத்தின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது தானாக அடைபடாது.

கம்பித்தட்டுகளைப் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். பருத்தித் துணியைத் தட்டின் மேல் இழுத்துக்கொண்டு போங்கள், நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறோ பூச்சு விட்ட இடமோ இருக்கிறது. குறுக்குக் கம்பிகள் சேரும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், வெல்டிங் விட்டிருந்தால் அசையும். தண்ணீர்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டு அடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதே என்று ஏமாந்ததாக நினைக்காதீர்கள். அந்த எஃகில் காந்தம் ஒட்டும் வகைகளும் உண்டு, 430 என்ற ரகம் அப்படிப்பட்டது.

தெர்மாமீட்டரைக் கழற்றி அதன் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடியுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும், உயரமான ஊர் என்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தோராயமாக ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து டிகிரி வித்தியாசம் இந்த வகை முள் தெர்மாமீட்டரில் சகஜம். பத்துக்கு மேல் போனாலோ, முள் ஒரே இடத்தில் சிக்கி நின்றாலோ, கண்ணாடிக்குள் நீராவி புகுந்தாலோ மாற்றச் சொல்லுங்கள். மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவதும் கம்பித்தட்டின் மட்டத்தில் இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது, அது குறையில் சேராது.

நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வகையில் முக்கியமான இடம், அந்தப் பெட்டியும் பெரிய அறையும் சேரும் வெல்டிங். சுற்றிலும் தொடர்ச்சியாக ஓடியிருக்க வேண்டும், ஊசித்துளையோ விட்டுவிட்டு ஒட்டிய புள்ளிகளோ தெரிந்தால் டார்ச் சோதனையில் அங்கே ஒளி வரும். போல்ட்டில் சேர்க்கும் மலிவு வகைகளில் அந்த இடத்தில் கசிவு ஓரளவு இருக்கவே செய்யும், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிறு வைத்தால் சரியாகும். தகட்டின் தடிமன் விளம்பரத்தில் சொன்னதுதானா என்பதையும் வெர்னியர் காலிப்பர் இருந்தால் ஓரத்தில் அளந்து பார்க்கலாம்.

செராமிக் வகை என்றால் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் அங்கே விரிசல் தேடுங்கள். மேல் பூச்சில் வலை போல மெல்லிய கோடுகள் தெரிவது பூச்சில் மட்டும் உள்ளது, நகத்தால் வருடினால் மாட்டாது. நகம் மாட்டினால், அல்லது ஈரத் துணியால் துடைத்தபின் கோடு மட்டும் கறுத்து நின்றால், அது நிஜ விரிசல். உள் நெருப்புக் கலம் சில மாடல்களில் வேண்டுமென்றே பல துண்டுகளாகவோ இடைவெளியோடோ வரும், சூட்டில் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. அதைக் கையேட்டில் பார்த்த பிறகே முடிவெடுங்கள். விளிம்பில் கேஸ்கெட் இருப்பதால் இந்த வகையில் காகிதச் சோதனையும் செய்யலாம். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி இழுங்கள், பிடித்து இழுபட வேண்டும். இப்படியே சுற்றிலும் ஏழெட்டு இடங்களில். ஓரிடத்தில் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் கீலையும் மூடியைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையையும் சரிசெய்து பார்த்துவிட்டு, அப்படியும் சரியாகவில்லை என்றால் புகார் செய்யுங்கள்.

முதல் தீ

மேலே சொன்னவற்றில் பெரிய குறை எதுவும் இல்லையென்றால் மட்டும் தீ மூட்டுங்கள். கண்டிப்பாக வெளியே, திறந்த வெளியில். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, ஷெட், கராஜ், மூடிய பால்கனி எதிலும் வேண்டாம்.

முதல் தீ சாப்பாட்டுக்கு அல்ல. தகட்டிலுள்ள தொழிற்சாலை எண்ணெயும் பெயின்ட் வாடையும் எரிந்து போவதற்கும், குறைகளைப் பார்ப்பதற்கும்தான். கொஞ்சம் கரியில் தொடங்கி 120 முதல் 150 டிகிரிக்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். செராமிக் வகையில் முதல் நாளே சூட்டை ஏற்றிவிட வேண்டாம், கேஸ்கெட்டின் பசை விட்டுவிடும்.

தொடக்கத்தில் எல்லா இடுக்குகளிலிருந்தும் புகை வரும். ஸ்மோக்கர் இன்னும் குளிர்ந்திருப்பதால் மேல்நோக்கிய இழுப்பு பிடிக்கவில்லை, அதுதான் காரணம். பலர் இந்தப் பதினைந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் "கசிகிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். சூடு நிலைத்த பிறகு, மேல் துளை முழுக்கத் திறந்திருக்கும்போது பாருங்கள். அப்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சந்தேகமுள்ள இடங்களுக்கு அருகே மெதுவாகக் கொண்டு போங்கள், காற்று இல்லாத நேரமாக இருந்தால் நல்லது. பத்தியின் புகை உள்ளே இழுபட்டால் அந்த இடுக்கு நெருப்புக்குக் காற்றுக் கொடுக்கிறது. வெளியே தள்ளப்பட்டால் அது சும்மா புகை போகும் வழி.

கடைசியில் எல்லாத் துளைகளையும், மேலும் கீழும், முழுக்க மூடிவிடுங்கள். மெல்லிய தகட்டு ஸ்மோக்கரில் சூடு நிற்காமல் இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் முள் அதே இடத்தில் நிற்கிறதென்றால் எங்கோ கீழே காற்று வருகிறது. செராமிக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில் முள்ளை நம்ப முடியாது, மறுநாள் ஆறிய பிறகு திறந்து பாருங்கள். எரியாத கரி மிச்சம் இருந்தால் ஸ்மோக்கர் இறுக்கமாக இருக்கிறது. நிறையக் கரி இருந்தபோது மூடியும் வெறும் சாம்பல்தான் மிச்சம் என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி கீழ்ப்பகுதிக்குப் போங்கள். சாம்பலில் ஒரு நாள் கழித்தும் கங்கு உயிரோடு இருக்கலாம், கையை விடாதீர்கள்.

புகார் எழுதும்போது

குறையைத் தூரத்திலிருந்து ஒரு படம், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒரு படம், மாடல் எண்ணும் வரிசை எண்ணும் தெரியும் ஒட்டியின் படம் ஒன்று. கையேட்டிலுள்ள பாக எண்ணைக் குறிப்பிட்டு, எந்தச் சோதனையில் என்ன அளவு வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். "மூடி சரியில்லை" என்பதைவிட "மூடியின் விட்டம் ஒரு திசையில் 8 மில்லிமீட்டர் குறைவு, மூடியைத் திருப்பினால் இடைவெளியும் கூடவே நகர்கிறது" என்று எழுதினால் மறுகேள்வி கேட்க இடம் குறைவு, நேராக அந்தப் பாகத்தை அனுப்பும் பேச்சுக்கு வந்துவிடலாம்.

பதில் வரும்வரை நீங்களே சிலிக்கான் பூசுவது, துளை போடுவது, தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்துவது எதுவும் வேண்டாம், உத்தரவாதம் போய்விடலாம். பிறகு நீங்களே அடைப்பதாக இருந்தாலும் சூடு தாங்கும் சிலிக்கான் மூடிக்கும் கதவுக்கும் மட்டும்தான், அதுவும் முழுதாக உலர்ந்த பிறகே தீ. நெருப்புப் பெட்டிக்கு அது தாங்காது, அங்கே உலைச் சிமென்ட்டோ கண்ணாடியிழைக் கயிறோ வேண்டும். முதல் இரண்டு மூன்று தீக்குப் பிறகு, ஆறிய நிலையில், எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், சூட்டில் விரிந்து சுருங்கிக் கைப்பிடிகளும் கால்களும் தளர்ந்திருக்கும்.